லேப்பில் இருந்து சுகாதாரத் துறைக்குப் போகும் தொற்றுநோய்த் தகவல்: நெல்லைப் பக்கத்து லேப்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் லேப்பில் டெக்னீசியனாகப் பதினோரு வருடம் ரத்தம் எடுத்தேன். அப்புறம், அந்த ரத்தத்தின் ரிசல்ட் கம்ப்யூட்டருக்குள் என்ன கோலத்தில் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற வேலைக்கு வந்துவிட்டேன். அம்பை, வள்ளியூர், சேரன்மகாதேவி, தென்காசி என்று சுற்றுவட்டார லேப் நண்பர்கள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இது அரசு சுற்றறிக்கை இல்லை, என் அனுபவமும் என் கருத்தும்தான்.

பாசிட்டிவ் எத்தனை என்று எண்ணிக்கை கொடுத்தால் போதாதா? பெயர், தெரு, போன், தேதி எல்லாம் எதற்கு?

எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வீட்டுக்குப் போக முடியாது. டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறக்கிற ஜாதி இல்லை, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதனால் கொசு ஒழிப்பு மஸ்தூர்கள் போய்ப் பார்க்க வேண்டியது அந்த நோயாளியின் வீட்டுத் தொட்டி, பக்கத்து வீட்டு டிரம், மொட்டை மாடியில் கிடக்கிற டயர், கொல்லையில் மழைநீர் நிற்கிற பழைய ஆட்டுக்கல். 'பாளை – 4' என்று ஒரு தாள் வந்தால் அவர்கள் எந்தத் தெருவில் இறங்குவார்கள்? ரிசல்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ரத்தத்தில் நோயின் தடயத்தைத் தேடுகிற எலிசா மெஷின் எத்தனை லட்சத்துக்கு வாங்கியதாக இருந்தாலும், முகவரி கட்டம் காலியாக இருந்தால் பொது சுகாதாரத்துக்கு அந்த ரிசல்ட் அரைப் பயன்தான்.

எதில், யாருக்கு அனுப்புவது?

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். களத்தில் இருக்கிற சுகாதாரப் பணியாளர் சந்தேகத்தின் பேரில் நிரப்புவது எஸ். டாக்டர் பார்த்து இன்னதாக இருக்கலாம் என்று சொல்வது பி. லேப்பில் உறுதியானது எல். நாம் எல். முன்பு வாரம் ஒருமுறை, திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்குப் போட்டு அனுப்பினோம். 2021 ஏப்ரலில் ஐ.எச்.ஐ.பி. என்கிற புதிய இணையதளம் நாடு முழுக்க வந்த பிறகு, மொத்த எண்ணிக்கை போய் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி வரி, அன்றன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று ஆனது. காசநோய்க்கான இணையதளம் நிக்‌ஷய் தனி. லாகின் இல்லாதவர்கள் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவைப் போய்ப் பாருங்கள், வாங்கித் தருவார்கள்.

சின்ன லேப்தான், நாங்கள் அனுப்பாவிட்டால் என்ன ஆகிவிடும்?

தமிழ்நாட்டுக்கு 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இப்படிச் சட்டம் போட்டதில் நாட்டிலேயே அன்றைய சென்னை மாகாணம்தான் முதல். காசநோயை அறிவிக்க வேண்டிய நோயாக மத்திய அரசு 2012 மே 7-ல் ஆணை போட்டது. 2018 மார்ச்சில் வந்த அறிவிப்பில் டாக்டர், ஆஸ்பத்திரி மட்டுமல்லாமல் லேப்பையும் மருந்துக் கடையையும் சேர்த்து, சொல்லாமல் விட்டால் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் பாயும் என்றும் போட்டார்கள். ஆகவே சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அனுப்புகிற லேப்பின் பதிவைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், ஒன்றிலும் விஷயம் இருக்காது.

எந்தத் தகவல் அதிகமாகப் பிசகுகிறது?

முகவரி. அதற்கு அப்புறம் ரொம்ப தூரம் தள்ளித்தான் மற்றவை.

காலை ஏழு மணிக்கு ஒரு லேப் கவுண்ட்டரைக் கண்ணுக்குள் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் இருபது பேர், காபி குடிக்காத கடுப்பில். நடுவே காய்ச்சல்காரர் ஒருவர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கவுண்ட்டரில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தால் அதிகம்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"பாளைதான்."

"பாளையில எங்கன?"

"சிவந்திப்பட்டி ரோட்டுல போணும்."

"சிவந்திப்பட்டியா?"

"அதுக்கும் உள்ள."

பின்னால் நிற்பவர் செருமுகிறார். பிள்ளை 'பாளை' என்று அடித்து பில்லைப் போட்டுவிடுகிறது. அதன்மேல் கோபப்பட முடியுமா? ஆனால் 'பாளை' என்பது ஒரு ஊர், மாநகராட்சியில் ஒரு மண்டலம், ஒரு தாலுகா, ஒரு ஒன்றியம். முன்னீர்பள்ளத்துக்காரரும் பாளை என்பார், சமாதானபுரத்துக்காரரும் பாளை என்பார். அப்புறம் நம் ஊர்களில் கீழத் தெருவும் மேலத் தெருவும் பிள்ளையார் கோவில் தெருவும் இல்லாத கிராமம் எது? மேலப்பாளையம் பக்கம் மேலநத்தம் இருக்கிறது, பாளைப் பக்கம் கீழநத்தம் இருக்கிறது. 'நத்தம்' என்று மட்டும் எழுதினால் எந்தப் பக்கம் போவது என்றுகூடத் தெரியாது. புதூர், புதுக்குடி, புதுக்குளம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் வேலை பார்த்த கவுண்ட்டரில் நடந்ததைச் சொல்கிறேன், ஏற்றியவன் நான்தான். ஒரு பையனுக்கு டெங்கு பாசிட்டிவ். ஊர் புதூர் என்று எழுதியிருந்தது. திரையில் வந்த பட்டியலில் முதலில் இருந்த புதூரைத் தொட்டுவிட்டேன். மஸ்தூர்கள் அந்தப் புதூருக்குப் போய் ஒரு பகல் முழுக்கத் தொட்டி தொட்டியாக மருந்து ஊற்றியிருக்கிறார்கள். அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. உண்மையான புதூரில் நாலு நாள் கழித்து அந்தப் பையனின் தங்கச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. அந்தப் பிள்ளை பிழைத்து வந்துவிட்டது என்பதால்தான் இதை இவ்வளவு சாவகாசமாக எழுத முடிகிறது.

என்ன செய்யலாம் என்றால், ஊர் பெயரோடு இன்னொரு அடையாளம் கட்டாயம் கேளுங்கள். எந்தப் பஞ்சாயத்து, எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்த பஸ் ஏறி வந்தீர்கள், இதில் எதுவானாலும் சரி. மாநகராட்சிக்குள் என்றால் வார்டு எண். மொத்தம் 55 வார்டு, பட்டியலை கவுண்ட்டர் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் ஒரு நிமிடம் மிச்சம். சர்க்கரைக்கு வந்த இருபது பேருக்கும் இந்த விசாரணை வேண்டாம். டாக்டர் சீட்டில் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு, சளி பரிசோதனை என்று இருந்தால் மட்டும் கேட்டால் போதும். அப்படிப்பட்ட சீட்டு ஒரு காலையில் அஞ்சாறுதான் வரும்.

தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, எங்கள் சாஃப்ட்வேரில் இன்னும் திருநெல்வேலி என்றே வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டால் வருடம் முழுக்க அது தப்பாகவே போகும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி பிரிந்தது. கடையநல்லூர், சங்கரன்கோவில், செங்கோட்டை, ஆலங்குளம் எல்லாம் அந்தப் பக்கம். பல லேப் சாஃப்ட்வேர் அதற்கு முன்பே வாங்கியது, பட்டியலை யாரும் தொடவில்லை. இதில் ஒரு கூடுதல் பொறி என்னவென்றால், பின்கோடு மாறவே இல்லை. மேலப்பாளையம் 627005, கடையநல்லூர் 627751, தென்காசி 627811. முதல் மூன்று எண்ணைப் பார்த்து மாவட்டத்தைத் தானாக நிரப்புகிற சாஃப்ட்வேர் எல்லாமே தென்காசிக்காரரைத் திருநெல்வேலியில் தள்ளிவிடும்.

பழைய புள்ளிவிவரத்தோடு ஒப்பிடும்போதும் இது காலை வாரும். 2012-ல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு மோசமாக அடித்தபோது கடையநல்லூர்தான் பேச்சு. அன்றைய 'திருநெல்வேலி' எண்ணிக்கையையும் இன்றைய 'திருநெல்வேலி' எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து 'பார், எவ்வளவு குறைந்துவிட்டது' என்று ஒரு வரைபடம் போட்டால், பாதிக் குறைவு மாவட்டம் சுருங்கியதால் வந்ததாகக்கூட இருக்கலாம். நம் அப்பாக்களுக்கு இது புதிதல்ல, 1986-ல் தூத்துக்குடி பிரிந்தபோதும் இதே கூத்துதான். சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு மாவட்டம், தாலுகா, கிராமப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு ஒரு எண் கொடுத்திருக்கிறது, அந்த எண்ணோடு சேர்த்து ஏற்றச் சொன்னால் இன்னும் நல்லது. பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

காய்ச்சல் தொடங்கிய தேதி லேப்புக்கு எதற்கு? அது டாக்டர் வேலை இல்லையா?

டாக்டர் சீட்டில் அது இருந்தால் நமக்கு நிம்மதி. பெரும்பாலும் இருக்காது, 'காய்ச்சல், டெங்கு பார்க்கவும்' என்று ஒரு வரி, கீழே கோழிக்கிறுக்கல் கையெழுத்து. ஆனால் அந்தத் தேதி இல்லாமல் நம் ரிசல்ட்டையே சரியாகப் படிக்க முடியாது. டெங்குவில் வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்.எஸ்.1 டெஸ்ட் முதல் அஞ்சு நாளுக்குள் பார்க்க வேண்டியது, உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத் தேடுகிற ஐ.ஜி.எம். அதற்குப் பிறகு. எட்டாம் நாள் என்.எஸ்.1 நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமாகாது. அதேபோல ஐ.ஜி.எம். ஒருமுறை வந்தால் இரண்டு மூன்று மாதம்கூட உடம்பில் நிற்கும், போன காய்ச்சலுக்கு உரிய பாசிட்டிவாகவும் இருக்கலாம். கண்காணிப்புப் பிரிவுக்கோ இன்னும் ஒரு காரணம் உண்டு. கொசு கடித்து நாலு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். அப்படியானால் தொடங்கிய நாளில் இருந்து பின்னோக்கி எண்ணினால்தான் அந்த ஆள் கடி வாங்கியபோது வீட்டில் இருந்தாரா, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கியிருந்தாரா, மும்பையில் இருந்து இப்போதுதான் வந்து இறங்கினாரா என்று பார்க்க முடியும்.

எப்படிக் கேட்பது என்பதில் ஒரு பக்குவம் வேண்டும். "எந்தத் தேதியில் காய்ச்சல் ஆரம்பித்தது?" என்றால் யாருக்கும் தெரியாது. "எத்தனை நாளா?" என்றால் எல்லாருமே "மூணு நாளா" என்பார்கள், ஒரு வாரமாகக் கிடப்பவரும் சேர்த்து. "கோவில் கொடைக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். "கொடை அன்னைக்கு ராத்திரிதான் குளிர் எடுத்துச்சு" என்று பதில் வரும். சுவரில் நாள்காட்டி இருக்கிறது, கொடை செவ்வாய்க்கிழமை, தேதியாக மாற்றி உடனே எழுதிவிடுங்கள். 'மூன்று நாள்' என்று எழுதி வைத்து இரண்டு நாள் கழித்து ஏற்றினால், எந்த நாளில் இருந்து மூன்று?

ஒரு பதிவில் குறைந்தது நாலு தேதி இருக்கிறது. நோய் தொடங்கியது, சாம்பிள் எடுத்தது, டெஸ்ட் செய்தது, ஏற்றியது. பாதி லேப்களில் நாலும் ஒரே தேதியாக இருக்கும், ஏனென்றால் கம்ப்யூட்டர் இன்றைய தேதியைத் தானாகப் போட்டுவிடுகிறது, நாம் எண்டர் தட்டிக்கொண்டே போகிறோம். காய்ச்சல் வந்த அன்றைக்கே ரத்தம் எடுத்து அன்றைக்கே எலிசா போட்டு அன்றைக்கே ஏற்றினோமாம். எலிசா தட்டு நிரம்பட்டும் என்று இரண்டு நாள் சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது நமக்குத் தெரியாதா?

ஒரே நோயாளி மூன்று பேராக எண்ணப்படுகிறார் என்கிறார்கள். அது எப்படி?

வண்ணார்பேட்டையில் ஒரு லேப்பில் என்.எஸ்.1 பார்க்கிறார். பாசிட்டிவ். பயந்துபோய் இரண்டாம் நாள் இன்னொரு லேப்பில் உறுதி செய்கிறார். அப்புறம் ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்கிறார், அங்கே ஐ.ஜி.எம். மூன்று இடமும் தன் கடமையைச் சரியாகச் செய்தால் மூன்று பாசிட்டிவ். யார் மேலும் தப்பில்லை, ஆனால் ஆள் ஒன்று.

கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்க்காதா என்றால், பார்க்கும், பெயர் ஒன்றுபோல் இருந்தால். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்கிற விதத்தைப் பாருங்கள். இசக்கியம்மாளை ஒருவர் ஈ எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ஐ எழுத்தில். ஒரு எஸ் போடுகிறவர், இரண்டு எஸ் போடுகிறவர், கே-க்கும் அதே கதை. பேச்சிமுத்துவில் நடுவே ஒரு டி வரும், வராது. மேலப்பாளையத்தில் முகமது என்பதைச் சுருக்கி இரண்டு எழுத்தாக, மூன்று எழுத்தாக, முழுசாக என்று நாலைந்து விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் ஒரு லேப்பில், பின்னால் ஒரு லேப்பில், ஆதாரில் அதையே விரித்து அப்பா பெயராக. ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கிற சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே ஈ-யில் தொடங்கும் இசக்கியும் ஐ-யில் தொடங்கும் இசக்கியும் அதற்கு இரண்டு வேறு ஆட்கள். நம் தெருவில் கூப்பிட்டால் ஒரே ஆள்தான் திரும்பிப் பார்ப்பார்.

இதற்கு லேப் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, பெயரை நோயாளியின் ஆதாரில் அல்லது ரேஷன் கார்டில் உள்ளபடி அப்படியே அடிப்பது, நமக்குப் பிடித்த ஸ்பெல்லிங்கில் இல்லை. இரண்டு, "இதுக்கு முன்னாடி வேற எங்கயும் பார்த்தீங்களா?" என்ற ஒற்றைக் கேள்வி. ஆம் என்றால் குறிப்பில் எழுதுங்கள். மேலே உட்கார்ந்து சேர்க்கிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம். அதே சமயம், சந்தேகம் என்று நீங்களே ஒன்றை அழித்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருப்பது நம் வழக்கம். பேரனுக்கு எட்டு வயது, தாத்தாவுக்கு எழுபது, இருவருக்கும் சுடலைமுத்து, இருவருக்கும் காய்ச்சல்.

வயது தெரியாது என்கிறவர்களுக்கு என்ன போடுவது?

ஒரு ஆச்சியிடம் வயது கேட்டேன். "அறுவது இருக்கும்ய்யா" என்றார். "எம்ஜிஆர் செத்தப்ப உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்றேன். "அப்பத்தான் மூத்தவனுக்குக் கல்யாணம் முடிஞ்சுது." எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு என்று வைத்தாலும் ஆச்சிக்கு எண்பதை ஒட்டி வரும். அறுபது என்றே எழுதியிருந்தால் ஆச்சி வேறு வயதுக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தைக்கு '0' என்று போடாமல் மாதத்தில் எழுதுங்கள். ஏழு மாதத்தை '7' என்று போட்டு அலகை 'வருடம்' என்றே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தட்டம்மை மாதிரி நோயில் ஏழு மாதக் குழந்தையும் ஏழு வயதுப் பிள்ளையும் முற்றிலும் வேறு செய்தி.

கார்டு டெஸ்டில் டெங்கு பாசிட்டிவ் வந்தால் எல் படிவத்தில் ஏற்றலாமா? வைடால்?

தேசிய வழிகாட்டுதல்படி டெங்குவுக்கு எலிசா முறையில் பார்த்த என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம்.தான் உறுதி. சில நிமிடத்தில் பதில் காட்டுகிற கார்டு டெஸ்டில் வரும் பாசிட்டிவ் அனுமானம்தான். சாம்பிளின் ஒரு பங்கை எலிசா வசதி உள்ள அரசு லேப்புக்கு அனுப்பி வையுங்கள், முறை என்ற கட்டத்தில் கார்டு என்று நேர்மையாக எழுதுங்கள். இதை மறைத்து எலிசா என்று போடுகிற இடங்களும் உண்டு, பார்த்திருக்கிறேன்.

டைபாய்டுக்குப் பார்க்கிற வைடால் ரத்த டெஸ்ட் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு. டைபாய்டு சுற்றிக்கொண்டே இருக்கிற நம் பகுதியில் ஒரே ஒரு வைடால் ஏறியிருப்பதை வைத்து டைபாய்டு உறுதி என்று சொல்வதற்கில்லை. உறுதிக்கு ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்ப்பது, வேண்டும். ஸ்கிரப் டைபஸையும் இதே வரிசையில் வையுங்கள். மலையடிவாரம், தோட்டம், புதர் என்று போய் வருகிறவர்களுக்கு ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அதை வைல் ஃபெலிக்ஸ் என்கிற பழைய டெஸ்டை மட்டும் நம்பி ஏற்றினால் விடுபட்டதும் தப்பாகச் சேர்ந்ததும் கலந்து வரும். ஐ.ஜி.எம். எலிசா நல்லது.

ரிசல்ட்டை எப்படி எழுதினால் குழப்பம் வராது?

ஒரே லேப்பின் ஒரு மாதப் பதிவில் 'பாசிட்டிவ்', 'பாஸ்', 'ஒரு பிளஸ்', 'ரியாக்டிவ்', 'லேசான பாசிட்டிவ்', 'ஆம்' என்று ஆறு விதம் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு இவை ஆறு வேறு ரிசல்ட். பாசிட்டிவ், நெகட்டிவ், இரண்டுங்கெட்டான் என்று மூன்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தட்டச்சு செய்வதாக இல்லாமல் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதாக. இரண்டுங்கெட்டானைப் பாசிட்டிவ் பக்கம் தள்ளாதீர்கள், அது ஒரு வாரம் கழித்து இன்னொரு ரத்தம் வேண்டும் என்கிற செய்தி. சாம்பிள் ரத்தமா, சீரமா, சளியா, மலமா, தண்டுவட நீரா என்பதும் முக்கியம். கல்ச்சரில் முதல் நாள் ஒரு தகவல் வரும், மூன்றாம் நாள் கிருமியின் பெயர் வரும். பழைய பதிவைத் திறந்து அதையே திருத்துங்கள், இரண்டாவதாக ஒன்று போடாதீர்கள்.

போன் நம்பர் இல்லாமல் சாஃப்ட்வேர் அடுத்த பக்கம் போக விடமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அதனால்தான் பத்து ஒன்பதுகள் கொண்ட நம்பர் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்று வைத்தவர் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார், ஆனால் கவுண்ட்டரில் இருப்பவருக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டும். 'தெரியவில்லை' என்று ஒரு தேர்வு கொடுக்காத கட்டம் எல்லாம் பொய்யால்தான் நிரம்பும். மேலே பார்க்கிறவருக்கு நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கிறது, பச்சை நிறம். உள்ளே இருப்பது ஒன்பது ஒன்பதாக, இல்லாவிட்டால் லேப் முதலாளியின் சொந்த நம்பர். காலியான கட்டத்தைப் பார்த்தால் யாராவது விசாரிப்பார்கள், பொய்யாக நிரம்பிய கட்டத்தை யாரும் விசாரிப்பதில்லை. ஆகவே நான் காலியையே ஆதரிப்பேன். விடவே மாட்டேன் என்கிற சாஃப்ட்வேரில், நோயாளியைக் கூட்டிவந்தவரின் நம்பரைப் போட்டு 'மருமகன் நம்பர்' என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பாசிட்டிவே இல்லாத நாளில் எதற்கு லாகின் செய்ய வேண்டும்?

நீங்கள் சும்மா இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம். நோய் இல்லை, அல்லது கம்ப்யூட்டர் ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தச் 'சைபர்' ஒன்றுதான். கூடவே எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதும் வேண்டும். பழைய எல் படிவத்திலேயே பார்த்தது எத்தனை, பாசிட்டிவ் எத்தனை என்று இரண்டு கட்டம் உண்டு. பத்துப் பேரில் அஞ்சு என்பதும் நூறு பேரில் அஞ்சு என்பதும் ஒன்றா?

எங்களது கலெக்‌ஷன் சென்டர்தான், சாம்பிள் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறது. யார் அறிவிப்பது?

இருவரும் அறிவிப்பார்கள், அல்லது இருவருமே மற்றவர் அறிவிப்பார் என்று இருந்துவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம். சென்னை லேப் அறிவித்தால் அதில் முகவரியாக உங்கள் சென்டரின் முகவரி இருக்கும், அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. முருகன்குறிச்சியில் ஒரே கட்டடத்தில் முப்பது டெங்கு என்று வரைபடம் சிவப்பாகும். என் கருத்து, ரத்தம் எடுத்தவர்தான் அறிவிக்க வேண்டும், நோயாளியின் முகத்தைப் பார்த்தவர் அவர்தான். இதைப் பெரிய லேப்போடு எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் ஏற்றினால் போதாதா?

எக்செல் நல்ல வேலைக்காரன், ஆனால் கேட்காமலே வேலை செய்வான். 05/08 என்று அடித்தால் ஆகஸ்ட் அஞ்சா, மே எட்டா என்பதை அவனே முடிவு செய்வான். முதலில் சைபர் உள்ள எண்ணில் சைபரை விழுங்கிவிடுவான். இது சின்ன லேப்பின் பிரச்சினை என்று நினைத்தால், 2020-ல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். லேப்களில் இருந்து வந்த கொரோனா பாசிட்டிவ் பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் கொட்டியிருக்கிறார்கள். அந்த வகைக் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடைப்பட்ட 15,841 பேர் கணக்கில் வரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடுகிற வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது. யாரும் எதையும் திருடவில்லை, கோப்பு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

வாரக் கடைசி வரை வைத்திருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் இல்லை, நெட் இல்லை. இப்படித் தேங்கியதை ஒரே நாளில் ஏற்றும்போது, ஏற்றிய தேதியை வைத்து வரைபடம் போட்டால் அந்த ஒரு நாளில் மட்டும் நோய் வெடித்த மாதிரி தெரியும். சாம்பிள் எடுத்த தேதி சரியாக இருந்தால் அந்தக் கோபுரம் கரைந்து தன் இடத்துக்குப் போய்விடும். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் பொய்க் கோபுரத்தின் பின்னால் ஓட யாருக்கும் ஆள் பலம் கிடையாது.

காலரா கல்ச்சரில் வந்தால், தொண்டை அடைப்பான் வந்தால், எக்செல்லும் வேண்டாம், இணையதளத்துக்கும் காத்திருக்க வேண்டாம், முதலில் போனைப் போடுங்கள்.

தப்பாக அனுப்பிவிட்டோம். சொன்னால் நம் லேப் பெயர் கெடுமே?

சொல்லுங்கள். திருத்தம் அனுப்புகிற லேப்பை நான் அதிகம் நம்புவேன். வருடம் முழுக்க ஒரு திருத்தம்கூட வராத லேப் என்றால் ஒன்று அங்கே தெய்வங்கள் வேலை பார்க்கின்றன, அல்லது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாசிட்டிவ் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பெயரும் தெருவும் உள்ள பட்டியலைக் குரூப்பில் போடாதீர்கள். காலையில் போட்டது மதியம் டீக்கடையில் இருக்கும். கேட்பவர் அதிகாரியாகவே இருந்தாலும் அவருக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்றால் இன்னும் கண்டிப்பு. 2017 சட்டம் அதை வெளியே சொல்வதைத் தடுக்கிறது, அதற்கான வழி தனி.

எங்கள் லேப் தகவல் எப்படி இருக்கிறது என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும், அரை நாள் வேலை. போன மாதத்துப் பாசிட்டிவில் குத்துமதிப்பாக இருபதை எடுங்கள். கவுண்ட்டர் சீட்டு, டெக்னீசியன் நோட்டு, இணையதளத்தில் ஏறியது மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள். அப்புறம் அந்த இருபது நம்பருக்கும் போன் போடுங்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற சாக்கில் ஊரையும் தெருவையும் சரிபாருங்கள். நான் முதல்முறை செய்தபோது ஒரு நம்பரை எடுத்தவர் நோயாளியே இல்லை, ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்று வாரம் முன்பு ஒரு ஆச்சியை லேப்பில் கொண்டுவந்து விட்டவராம், நம்பர் இல்லை என்று ஆச்சி முழித்ததால் அவர் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். சரி, மன்னிக்கணும் அண்ணாச்சி என்று வைக்கப் போனேன். "இருங்க சார், அந்த ஆச்சி வீடுதானே வேணும்? தச்சநல்லூர் தாண்டி, வேப்பமரத்துக்கு அடுத்த சந்துல மூணாவது வீடு. எழுதிக்கிட்டீங்களா?"